படம் எடுக்காத பாடம்

பிரிக்ஃபீல்ட்ஸ்
சனிக்கிழமை

அன்புள்ள சுதர்சினி அக்காவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம், சரவாக் ஆற்றங்கரைப் பள்ளியில் நீங்களும் உங்கள் மாணவர்களும் நலமாயிருக்கக் கும்பிடுகிறோம். அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது நான், ஜனகா. அங்கே லைன் கிடைப்பதில்லை, கடிதமே நல்லது என்கிறார். வெளியே மழை, அம்மா சோபாவில் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிறார், பேச்சு நடுவில் தூக்கமாகி மறுபடி பேச்சாகிறது. சற்று முன் தூக்கத்திலேயே வருகை எடுத்தார், வகுப்பறை முழுக்கத் தண்ணீராம், பிள்ளைகள் மேசைகளில் மிதந்துகொண்டே உள்ளேன் டீச்சர் என்றார்களாம். அப்பா உங்கள் அறையில் துணி காயப்போடுகிறார், கோபிக்க வேண்டாம்.

அம்மா விருப்ப ஓய்வுப் படிவத்தை நிரப்பிக் கைப்பையில் வைத்திருக்கிறார். புதிதாக வேலைக்குப் போன பிள்ளை பயந்துவிடும் என்று உங்களுக்குச் சொல்லவில்லை. கிள்ளானில் அவர் பள்ளியில் எது நடந்தாலும் நான்கு படங்களோடு ஒரு பக்க அறிக்கை அன்றே வாட்ஸ்அப் குழுவில் ஏற வேண்டும், ஏற்றாதவர் பெயர் சிவப்பில் வரும். அம்மா பெயர் ஒருமுறையும் சிவந்ததில்லை. கொமுட்டர் ரயிலில் நின்றபடியே தட்டி அனுப்புவார், ஒருநாள் இறங்க மறந்து அடுத்த நிலையத்துக்கே போய்விட்டார். போன வாரம் முதலாம் ஆண்டுப் பிள்ளை தாமரை, ஆண்டுத் தொடக்கத்திலிருந்து வாயே திறக்காதவள், ஒரு வரியை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அம்மாவின் கை தானாகப் போனுக்குப் போனது. படம் எடுத்ததும் அவள் புத்தகத்தை மூடிவிட்டாள். அடுத்த வரியும் படிம்மா என்றதற்கு, அதான் படம் எடுத்தாச்சுலா டீச்சர், முடிஞ்சிருச்சு என்றாளாம். அந்தப் படத்துக்குக் குழுவில் இருபத்துமூன்று கட்டைவிரல்கள். அன்று மாலைதான் படிவத்தை நிரப்பினார். இவ்வளவு நாளும் இதையா கற்றுக்கொடுத்தேன் என்று என்னைக் கேட்டார்.

நேற்று போனை ஆசிரியர் அறையிலேயே பூட்டிவைத்துவிட்டு வகுப்புக்குப் போனார். தாமரை அவர் கையைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள், போன் எங்க டீச்சர் என்றாள். அது தூங்குது, நீ படி என்றார் அம்மா. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் அவள் மணி அடிக்கும்வரை படித்துக்கொண்டே போனாளாம். பள்ளி முடிந்து போனை எடுத்தால், அறிக்கை ஏறாததால் அம்மாவின் பெயர் சிவப்பில். என்ன டீச்சர், இன்னிக்குப் பாடமே நடத்தலையா என்று புஷ்பவல்லி டீச்சர் கிண்டல் செய்தாராம். தலைமையாசிரியர் திங்கட்கிழமைக்குள் விளக்கம் கேட்டிருக்கிறார். விளக்கத்தைக் கொடுப்பேன், படிவத்தைக் கொடுக்க மாட்டேன், தாமரை இரண்டாம் ஆண்டுக்குப் போகட்டும் என்கிறார். இப்போது எழுந்து உட்கார்ந்து பேனாவைக் கேட்கிறார், மீதி அவர் கையெழுத்து.

சுதா, வேளைக்குச் சாப்பிடு, கொசுவலை கட்டிப் படு. உன் வகுப்பில் ஒரு பிள்ளை வாய் திறந்தால் கையைக் கட்டிக்கொண்டு கேள், அறிக்கை பிறகு. தாமரை மூன்று பக்கம் படித்தாள். நடுவில் ஒரு சொல்லில் நின்று, தானே கண்டுபிடித்து, என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் இரு கைகளும் உன் தலையில் இருப்பதாக நினைத்துக்கொள். அவள் சிரிப்புக்குப் படம் இல்லை, நான் சொல்வதை நீ நம்பத்தான் வேண்டும்.

உன் அம்மா,
இராசேஸ்வரி