அந்தத் தாளில் உன் கையெழுத்து

அன்பு மகள் சந்தியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம், அவருக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டே இருக்கிறேன். அப்பாசியாவில் வளைகுடா வெயில் ஏறிவிட்டது, ஸ்கூல் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதற்குள் தலை சுற்றுகிறது. போனில் சொன்னால் நீ பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், இந்தத் தாளைப் படம் பிடித்து அனுப்பும்படி அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

நேற்று நீ என்னவோ கடைக்குப் போய் வந்ததைச் சொல்வது போலச் சொன்னாய், எனக்கு அப்போதிருந்து சோறு இறங்கவில்லை. உங்கள் ஊர்ப் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை மெக்சிகோ, குவாத்தமாலாக்காரர்கள் கூடிச் சமைத்துச் சாப்பிடுவதைத் தடுக்கச் சொல்லி ஊரார் எழுதிய மனுவில் நீயும் கையெழுத்துப் போட்டாயாம். ஏன் என்று கேட்டால், "எல்லாரும் போட்டாங்கம்மா, நாங்க போடலன்னா எங்களையும் வந்தேறின்னு அவங்களோட சேத்துப் பேசுவாங்க" என்கிறாய். பேசட்டுமே, உனக்கு என்ன குறைந்துவிடும்? பக்கத்து வீட்டு மரிசோல் யாரடி? உன் பிரசவத்துக்கு வர விசா கிடைக்காமல் நான் இங்கே அழுதுகொண்டிருந்தபோது, கோழி வெட்டும் கம்பெனியில் டூட்டி முடித்து வந்து உன் பிள்ளையைக் குளிப்பாட்டியவள் அல்லவா? பதினெட்டு நாள் சூப்பு வைத்துக் கொடுத்தாள் என்று நீதானே சொன்னாய். அவள் குடும்பமும் அந்தப் பூங்காவில்தானே உட்காருகிறது.

நீ நாலாவது படிக்கும்போது நம் பில்டிங் மூன்றாம் மாடியில் கட்டட சைட் வேலைக்காரர்கள் எட்டுப் பேர் ஒரே ரூமில் இருந்தார்களே, நினைவிருக்கிறதா? குடும்பங்கள் இருக்கும் இடத்தில் இவர்கள் ஆகாது, காலி செய்யச் சொல்லுங்கள் என்று ஓனருக்குத் தாள் எழுதியது அரபிகள் இல்லை, நம் ஆட்கள்தான். கீழ்வீட்டு அனந்தகிருஷ்ணன் தாளை நீட்டி, "உடையப்பன், நீங்க இப்ப ஃபேமிலிக்காரர், லேபர் கேம்ப் ஆள் இல்ல, போடுங்க" என்றார். உன் அப்பா பேனாவைத் தொடவில்லை. "நானும் ஆறு வருஷம் அப்படித்தான் சார் கெடந்தேன், இவங்க என்ன தப்பு பண்ணாங்க?" என்று கேட்டார். ஆனாலும் எட்டுப் பேரையும் வெளியேற்றினார்கள், அப்பாதான் அவர்கள் கட்டிலை லாரியில் ஏற்றிக் கொடுத்தார். அப்புறம் நாலு மாதம் படிக்கட்டில் யாரும் நம் முகத்தைப் பார்க்கவில்லை, உன்னை விளையாடச் சேர்க்கவில்லை என்று நீ தினமும் அழுதாய். அந்த அழுகைதான் உன்னை இப்படிப் பயந்தவளாக்கிவிட்டதோ என்று அப்பா கேட்கிறார். இருக்கலாம். அதற்காக நீ செய்தது சரியாகிவிடாது, என் மனம் ஆறவே இல்லை.

செவ்வாய்க்கிழமை ஊர் மீட்டிங் என்றாய், அதற்குள் போய் உன் பெயரை அடித்துவிட்டு வா. மாப்பிள்ளை சங்கடப்பட்டால் அத்தை சொன்னார் என்று சொல். முதலில் மரிசோல் வீட்டுக்குப் போ, வேறு யார் வாயிலிருந்தும் அவள் இதைக் கேட்கக் கூடாது. திட்டினால் வாங்கிக்கொள், பதில் பேசாதே.

பிள்ளைக்குச் சளி என்றாயே, நெஞ்சில் குளிர் படாமல் பார்த்துக்கொள். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும், எவ்வளவு கோபம் வந்தாலும் என் வேண்டுதல் அதுதான். ஒன்று மட்டும் மறக்காதே, அவள் வீட்டுக்குப் போகும்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகாதே. அதன் முகத்தைக் காட்டித் தப்பிக்கப் பார்க்காமல் தனியாகப் போ.

உன் அம்மா,
பஞ்சவர்ணம்