ஒரே படகில்

கொழும்பு,
ஆவணி 1993

அன்பின் அத்தானுக்கு,

இந்த நடுச்சாமத்தில் எழுதுவதற்குக் கோபிக்க வேண்டாம். நீங்களும் பிள்ளைகள் எஸ்தரும் நத்தானியேலும் சுகமா? நான் சுகம்.

வங்கிக் கொம்பியூட்டரின் கணக்குகளை இரவில் இரண்டு காந்த நாடாக்களில் பிரதியெடுத்து, இரண்டு கிளைகளில் பூட்டிவைப்போம். அதற்கான அட்டவணையில் இரண்டையும் ஒரே வான் வண்டியில் ஏற்றிவிட்டேன். கூட வேலைசெய்யும் கிருபை அண்ணை, "வான் கவிண்டால் ரெண்டும் போயிடுமெல்லே, பிள்ளை! எங்கை படிச்சனீர்?" என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டு திருத்தினேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வரும்போது கிளாலிக் கடலில் நேவி சுட்டாலும், பிள்ளைகளை இரண்டு படகில் ஏற்றினால் ஒன்றாவது தப்பும் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம் அத்தான். ஒன்று மற்றதன் பிரதி இல்லையே. ஒரே படகில், உங்கள் இரு பக்கமும் இருத்திக் கூட்டிவாருங்கள். தம்பி நத்தானியேலுக்குக் கடற்காற்றுப் படாமல் காதை மூடித் துணி கட்டுங்கள்.

கெதியாகப் பதில் போடுங்கள்.

உங்கள்
மியூரியல்