ஹரோ என்ற ஊர்ப்பெயர்

3 நவம்பர் 2005, வியாழன்
மழை. புவாண்ட்-கிளேர் கிடங்கில் தலைக்கு மேல் வேலை. பஸ் இருபது நிமிடம் தாமதம்.
லண்டன் ஹரோவிலிருந்து தங்கை ரெஜினாவின் போன். மகள் டிலானிக்குத் தையில் கலியாணம். நாங்கள் கத்தோலிக்கர், மாப்பிள்ளை சைவம்; தாலிகட்டு பிள்ளையார் கோயிலில். அழைப்பிதழில் தாய்மாமன் என்று என் பெயரைப் போடலாமா, செவ்வாய்க்குள் சொல்லட்டாம்.
சொன்னேன்: "உங்கட ஹரோக் குன்றுக்கு மேலை அவ்வளவு பழைய சேர்ச். அதுக்குக் கீழை இருந்துகொண்டு கோயிலிலையோ தாலி? உங்கட ஊருக்குப் பேரே சேர்ச்சாலைதான் வந்திருக்கும்."
போனை வைத்துவிட்டாள்.
பெயர் விஷயம் சும்மா அடித்துவிட்டது. எனக்குத் தெரியாது.

5 நவ., சனி
வெயில், குளிர்காற்று. வாங்க: பால், பருப்பு, சப்பாத்து லேஸ்.
தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சி. மருமகள் டிலானிக்கு எந்தச் சேர்ச்சில் கலியாணம் என்று ஒருவர் கேட்டார். இன்னும் முடிவில்லை என்றேன். பொய். வெட்கமாக இருந்தது.
பிறகு நூலகம், வாதத்துக்கு ஆதாரம் தேட. இங்கே எங்கள் பகுதி கோட்-டெ-நெய்ஜ் என்றால் பிரெஞ்சில் பனி மூடிய மேடு, பெயரே சொல்லிவிடும். ஆங்கில ஊர்களுக்குத் தடித்த அகராதி வேண்டும்.
ஹரோ: பழைய ஆங்கிலச் சொல். கிறிஸ்தவம் வருமுன் அங்கிருந்தவர்கள் கும்பிட்ட கோயில். ஒரு குலத்தின் பெயரும் ஒட்டியிருந்ததாம், பின்னர் உதிர்ந்தது. அந்தக் கோயில் நின்ற இடத்திலேயே இன்றைய தேவாலயம் எழுந்திருக்கலாம்.
இன்னொரு அகராதி. அதிலும் அதேதான். நல்ல மூக்குடைப்பு.

6 நவ., ஞாயிறு
தேவாலயப் பூசையில் வேதவாசகம் வாசிக்க என் முறை. தடுமாறவில்லை.
மத்தியானம் மனைவியிடம் ஹரோ கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "புத்தகம் சொன்னாத்தான் தங்கச்சியின்ரை பிள்ளையின்ரை கலியாணத்துக்குப் போவியளோ?"


8 நவ., செவ்வாய்
முதல் பனி. நிலத்தில் நிற்கவில்லை.
காலையில் ரெஜினாவுக்குப் போன் எடுத்தேன். நான் சொன்னது பிழை என்று அகராதியில் கண்டதைச் சொன்னேன். அவளுக்கு முன்பே தெரியுமாம், டிலானி பள்ளியில் படித்தது. அன்றே சொல்லியிருக்கலாமே என்றேன். உங்களோடு யார் வாதாடுவது என்றாள்.
என் பெயரைப் போடு என்றேன்.

"அண்ணை, நேற்றே அச்சுக்குக் குடுத்திட்டம். உங்களைச் சங்கடப்படுத்தக் கூடாதெண்டு பேரை எடுத்துப்போட்டன்."
செவ்வாய் என்றுதானே சொன்னாய் என்று கேட்க வாய் வரவில்லை.
"பேர் இல்லாட்டியும் வாறன். கோயிலிலை மாமன் செய்யிற சடங்கை நான்தான் செய்வன்."
அழுதாள். நானும்தான்.
டிக்கெட் விசாரிக்க. லீவு கேட்க. வேட்டி எந்தப் பெட்டியில்?