பிடியை விட்டதற்காக எல்வினுக்கு ஆயுள் தடை விதிக்க வேண்டாம்

அனுப்புநர்:
லோயிஸ் ஜெயமணி (வயது 78),
க/பெ. காலஞ்சென்ற ஞானமுத்து, ரயில்வே பட்டறை ஃபிட்டர்,
மெட்டுகூடா, செகந்திராபாத்.

பெறுநர்:
உயர்திரு. சௌந்தரராஜன் அவர்கள் (ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி),
ஒழுங்கு விசாரணை அதிகாரி,
தக்காண கபடி லீக், ஹைதராபாத்.

பொருள்: மூசி ஈகிள்ஸ் அணியின் முன்னாள் ஆட்டக்காரர் எல்வின் சிலாஸ் வேண்டுமென்றே தோற்கடித்தார் என்ற குற்றச்சாட்டு - அந்த அணியின் பயிற்சியாளர் சாரங்கபாணி ஆட்டக்காரர்களை அடித்தது, ஆள் வைத்து அடித்தது - விசாரிக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா அவர்களுக்கு வணக்கம்.

முதலில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எப்படிப்பட்டவர்கள் என்று தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மூத்த பேத்தி ஜெமிமா நர்சிங் முடித்து மஸ்கட்டில் ஐ.சி.யூ. வார்டுக்குப் பொறுப்பாக இருக்கிறாள். வெஸ்லி பாலாநகரில் விமானத்துக்கு மின்கருவி செய்யும் ஆலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து இப்போது பெர்மனென்ட். கடைக்குட்டி பெர்லின் பி.காம். இரண்டாம் வருடம், பத்தாம் வகுப்பில் தெலுங்குப் பிள்ளைகளைத் தாண்டித் தெலுங்கிலேயே முதல் மார்க் வாங்கினாள், சபையில் வேதாகம வினாடி வினாவில் மூன்று வருடம் கேடயம் எங்கள் வீட்டுக்குத்தான். எல்வின் என் மூத்த மகன் சிலாஸின் பிள்ளை. வயது முப்பத்தைந்து. இருபத்தொரு வயதில் கபடிக்காகவே ரயில்வேயில் வேலை கொடுத்தார்கள். மாநில அணிக்குக் கேப்டனாக இருந்தான். தேசியப் போட்டியில் சிறந்த தடுப்பாட்டக்காரன் என்று அவன் வாங்கி வந்த ஃபிரிட்ஜில்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டுத் தோசை மாவு இருக்கிறது. இவர்களில் ஒருவர் மேலும் இதுவரை ஒரு புகார் வந்ததில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள், நாசரேத்தில். லீக்கிலிருந்து வந்த இங்கிலீஷ் கடிதத்தைப் பெர்லின் வாசித்துச் சொன்னபோது கடைசியில் தங்கள் பெயர் இருந்தது. தாங்கள் தமிழர் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு தமிழிலேயே எழுதுகிறேன். என் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் பேசினால் புரியும், எழுதத் தெரியாது. ஆகையால் இதில் உள்ளது முழுக்க என் கையெழுத்து, என் பேச்சு. எல்வினுக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன். "எழுதுங்க ஆச்சி, ஆனா கெஞ்சாதீங்க" என்றான்.

1. சென்ற வருடம் மூசி ஈகிள்ஸ் அணி எல்வினை எடுத்தது. நாச்சாரத்தில் மூடிக் கிடந்த ஒரு ஃபேக்டரி ஷெட்டில் மேட் விரித்துப் பயிற்சி நடந்தது. எல்வின் இடது ஓரத்தில் நிற்பான். அவனுக்கு அடுத்து நிற்பவன் நிஜாமாபாத் பையன் கௌஷிக், வயது இருபத்திரண்டு. பாடி வருகிறவனை மடக்க இவர்கள் இரண்டு பேரும் கை கோத்தபடி பாய வேண்டும். சங்கிலி என்று அதற்குப் பெயர். என் கணவரும் பட்டறை அணியில் ஓரத்தில் நின்றவர்தான், ஆகையால் எனக்கு இது தெரியும். கோத்த கையில் ஒரு விரல் நழுவினாலும் பாடி வருகிறவன் அறுத்துக்கொண்டு போய்விடுவான். அந்த ஜோடிக்குக் கண் கூட வேண்டாம், கைதான் வேண்டும்.

2. அந்தக் கையைத்தான் சாரங்கபாணி அடிக்க வைத்தார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற பச்சை பைப்பை ஒரு முழத்துக்கு வெட்டி, உள்ளே மணல் அடைத்து, இரண்டு முனையிலும் டேப் சுற்றி வைத்திருந்தார். பயிற்சியில் சங்கிலி அறுந்தால், அறுத்தவன் உள்ளங்கையை நீட்ட வேண்டும். அடிப்பது சாரங்கபாணி அல்ல. கூடக் கைகோத்தவன் அடிக்க வேண்டும். "உன் ஜோடி கையால் வாங்கினால்தான் உனக்குப் புத்தி வரும்" என்பது அவருடைய பாடம். அணி முதல் ஆட்டத்தில் தோற்றபோது ஆளுக்கு ஐந்து அடி. இரண்டாவதும் தோற்றது, அடி ஏறியது. கை வீங்கினவன் எப்படிப் பிடிப்பான்? பிடிக்காததால் தோற்றார்கள், தோற்றதால் அடித்தார்கள், அடித்ததால் மறுபடியும் தோற்றார்கள். அய்யா, அந்த சீசன் முழுக்க நடந்தது இவ்வளவுதான். எல்வினுக்கு வயதாகிவிட்டது, காலில் வேகம் இல்லை என்று அணிக்காரர்கள் பேட்டி கொடுத்தார்கள். வேகம் காலில் இருந்தது. கையில்தான் தோல் இல்லை. அந்த மாதங்களில் அவனுக்குச் சோறு பிசைய முடியாது. ஸ்பூன் கேட்பான். ஏன்டா என்றால் பிராக்டிஸ் என்பான். நான் நம்பினேன்.

3. கௌஷிக்கை அடிக்கச் சொன்னபோது எல்வின் முதலில் மறுத்தான். "நக்கோ சார், வேண்டாம், நானே வாங்கிக்கிறேன்" என்று தன் கையை நீட்டியிருக்கிறான். சாரங்கபாணி அவனைத் தொடவில்லை. கௌஷிக்கைத் தரையில் உட்கார வைத்து, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் தானே அடித்தார். எலும்பின் மேல் தோல் பிளந்து மேட் மேல் ரத்தம் சொட்டியது. அதைத் துடைக்கச் சொன்னதும் கௌஷிக்கைத்தான். மறுநாள் எல்வின் பைப்பை வாங்கி மெதுவாக அடித்தான். "பூவாலே அடிக்கிறியா? ஒண்ணிலேர்ந்து எண்ணு" என்று திரும்ப ஆரம்பிக்க வைத்தார். சீசன் கடைசியில் ஒரு நாள், அப்படி மூன்றாவது முறை எண்ண வைத்தபோது எல்வின் ஒரு தப்பான கணக்குப் போட்டான். ஓங்கி ஒரே அடி அடித்துவிட்டால் இது முடிந்துவிடும் என்று நினைத்தான். அவன் ஓங்குவதைப் பார்த்த கௌஷிக் பயத்தில் விரலை மடக்கிவிட்டான். இடது கை மோதிர விரல் முறிந்தது. காய்ந்த குச்சி முறிகிற சத்தம் ஷெட் முழுக்கக் கேட்டது என்று எல்வினே சொன்னான். கௌஷிக் கத்தவில்லையாம். தன் கையைப் பார்த்துவிட்டு எல்வின் முகத்தைத்தான் பார்த்தானாம். சாரங்கபாணி சொன்னது: "ஆங், இப்ப சரியா அடிச்சே."

4. முறிந்த விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்து டேப் போட்டு, கௌஷிக்கைக் கடைசி ஆட்டத்தில் இறக்கினார்கள். வலி தெரியாமலிருக்க ஊசி போட்டிருந்தார்கள். ஆட்டம் சமமாக இருந்தபோது எதிரணிக்காரன் கடைசிப் பாட்டுக்கு வந்தான். எல்வினும் கௌஷிக்கும் கை கோத்துப் பாய்ந்து அவனை நடுவில் வளைத்துவிட்டார்கள். அவன் திமிறினான். அந்த இழுப்பில் முறிந்த விரல் தன் கைக்குள் தனியாகத் திரும்புவது எல்வினுக்குத் தெரிந்தது. அவன் பிடியை விட்டான். பாடி வந்தவன் கோட்டைத் தொட்டுவிட்டான். ஈகிள்ஸ் ஒரு புள்ளியில் தோற்று வெளியேறியது. உடை மாற்றும் அறையில் சாரங்கபாணி அந்தப் பைப்பால் எல்வின் கழுத்திலும் காதிலும் அடித்தார். இடது காது அவனுக்கு இன்னும் சரியாகக் கேட்பதில்லை. அடுத்த வாரம் அணியிலிருந்து நீக்கினார்கள்.

5. எல்வினுக்கு வாய் அடங்காது, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். அவன் தாத்தா யூனியனில் இருந்தவர். நீக்கின பிறகு ஒரு யூடியூப் சேனல்காரர்கள் கூப்பிட்டு, சீசன் ஏன் இவ்வளவு மோசமாகப் போனது, வயசா என்று கேட்டார்கள். அவன் பைப்பைப் பற்றிச் சொன்னான். விரலை முறித்தது தான்தான் என்றும் சொன்னான், யாரும் கேட்காமலே. பிடி நழுவியதா என்று கேட்டதற்கு, "நழுவல. விட்டேன். அந்த விரலை இன்னொரு தடவை முறிச்சு ஜெயிக்க எனக்கு வேண்டாம்" என்றான். லீக் இப்போது அந்த ஒரு வார்த்தையை மட்டும் வெட்டி எடுத்து, "வேண்டுமென்றே விட்டதாகத் தானே ஒப்புக்கொண்டார்" என்று ஆயுள் தடைக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. பேட்டி பொய் என்று கையெழுத்துப் போட்டால் ஒரு வருடத் தடையோடு விடுவார்களாம். அவன் போடமாட்டான். நானும் போடச் சொல்லமாட்டேன்.

6. பேட்டி வந்த நாலாம் நாள் காலையில் எல்வின் பால் பாக்கெட் வாங்கி வரும்போது இரண்டு பைக்கில் நாலு பேர் எங்கள் தெரு முனையில் அவனை மறித்தார்கள். கம்பியால் முழங்காலில் அடித்தார்கள். விழுந்தவனை முகத்தில் மிதித்தார்கள். பால் கவர் உடைந்து அவன் தலையைச் சுற்றி ரத்தமும் பாலுமாக ஓடியது. "கைக்கு போலா, கைக்கு போலா" என்று, ஏன் சொன்னாய் என்று கேட்டுக் கேட்டே அடித்தார்கள். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். துருவியோடு ஓடினேன். ஒருவன் ஹெல்மெட்டில் அதன் பல் பதியும்படி அடித்தேன். இரண்டாவது முறையும் அடித்தேன். அதற்கு என் மேல் வழக்குப் போட்டாலும் மறுக்கமாட்டேன். அவன் ஹெல்மெட் கழன்றபோது அடையாளம் தெரிந்தது. ஈகிள்ஸ் அணியின் வேன் டிரைவர். எல்வினைக் கூட்டிப்போக வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் உட்கார்ந்து என் கையால் டீ குடித்தவன், என்னை நானி, பாட்டி, என்று கூப்பிட்டவன். "ஹட் ஜாவ் நானி", விலகிப் போ என்று, அப்போதும் அப்படித்தான் கூப்பிட்டான். காவல் நிலையத்தில் இரண்டு தரப்பும் அடித்துக்கொண்டதாக எழுதிக்கொண்டார்கள். லீக் கடிதத்தில் அதுவும் ஒரு குற்றமாகச் சேர்ந்திருக்கிறது: பொது இடத்தில் அடிதடி. முழங்கால் சில்லு மூன்றாக உடைந்தவனும் அடிதடி செய்தானாம். அடித்தது நான், அய்யா. என் பெயரைப் போடச் சொல்லுங்கள்.

7. கௌஷிக் பற்றி. எல்வின் பகையினால் தன் விரலை முறித்தான் என்று அவன் கையெழுத்திட்ட தாள் தங்களிடம் இருக்கும். போன ஞாயிறு ஆராதனை முடிந்து நாங்கள் வரும்போது அவன் எங்கள் வாசலில் நின்றான். உள்ளே கூப்பிட்டேன். எல்வின் காலைப் பார்த்துவிட்டு, "நன்னு கொட்டு அன்னா" என்று, என்னை அடி அண்ணா என்று கேட்டு, சுவரில் தலையை முட்டிக்கொண்டான். எல்வின் எட்டிப் பிடித்து உட்கார வைத்தான். "அடிச்சது போதாதாடா உனக்கு? சோறு தின்னு" என்றான். அவன் தின்றான். வலக்கையால்தான் தின்றான், ஆனால் இடக்கையை மேசைக்கு மேலே எடுக்கவே இல்லை. அடுத்த வருட ஒப்பந்தத்தைக் காட்டித்தான் அந்தத் தாளில் கையெழுத்து வாங்கினார்களாம். இதை மனுவில் எழுதலாமா, உன் பிழைப்பு போய்விடுமே என்று கேட்டேன். தட்டில் மிச்சமிருந்த சோற்றைத் தின்று முடித்தான். பிறகு, "ராயண்டி அம்மம்மா" என்றான். எழுதுங்கள் என்று அர்த்தம்.

ஆகவே தாங்கள் செய்ய வேண்டியதாக நான் கேட்பது:

சாரங்கபாணி இல்லாத அறையில் கௌஷிக்கைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். அந்த அணியில் ஆடிய அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்தி, உள்ளங்கையை நீட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். தாங்கள் ஒரு கேள்வியும் கேட்க வேண்டியதில்லை, பார்த்தால் போதும். அதுவரைக்கும் சாரங்கபாணி எந்தப் பிள்ளைக்கும் பயிற்சி கொடுக்கக் கூடாது. இப்போதும் அந்த ஷெட்டில் விளக்கு எரிகிறது என்று கேள்விப்படுகிறேன்.

எல்வின் விரலை முறித்ததற்குத் தாங்கள் என்ன தண்டனை கொடுத்தாலும் அவன் ஏற்றுக்கொள்வான். வருடக் கணக்கில் கொடுத்தாலும் நான் வாய் திறக்கமாட்டேன். பிடியை விட்டதற்கு ஒரு நாள் கூடக் கொடுக்கக் கூடாது. அவன் விளையாடிய பதினான்கு வருடத்தில் விட்ட பிடி எத்தனையோ இருக்கும். அதில் சரியானது அது ஒன்றுதான்.

இன்னும் ஒன்று. லீக்கின் இணையப் பக்கத்தில் அவன் பெயருக்கு மேலே ஒரு படம் போட்டிருக்கிறார்கள். அவன் தெருவில் விழுந்து கிடந்தபோது எவனோ செல்போனில் எடுத்தது. ஒரு கண் மூடி, உதடு கிழிந்து, ரவுடி மாதிரி இருக்கிறது. அந்த நாலு பேர் செய்து வைத்த முகம் அது, அவனுடையது அல்ல. மஸ்கட்டில் ஜெமிமா அதைப் பார்த்துவிட்டு டியூட்டியில் மயங்கி விழுந்தாள். இத்துடன் புதிய படம் ஒன்று இணைத்திருக்கிறேன். போன வாரம் ஆலய வாசலில் பெர்லின் எடுத்தது. ஊன்றுகோல் வெளியே தெரியாமல் எடுக்கச் சொன்னேன், அவன்தான் தெரியட்டும் என்றான். விசாரணை எப்படி முடிந்தாலும் சரி, பழையதை எடுத்துவிட்டு இந்தப் படத்தைப் போடச் சொல்லுங்கள். தடை என்று எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், இந்த முகத்துக்குக் கீழே எழுதட்டும்.

இடம்: செகந்திராபாத்
நாள்: 11.02.2025

இப்படிக்கு,
லோயிஸ் ஜெயமணி
(எல்வினின் ஆச்சி)

இணைப்பு: புகைப்படம் ஒன்று.