மரநாய் தந்த விதை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் மழையில் நனைந்தபடி சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நனையாமல் சுகமாக இருக்க வேண்டும்.

போனில் பேசினால் நீ அழுவாய், நான் தலையாட்டிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். சரிவு நிலத்தை எண்ணெய்ப்பனைக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு உன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாய், உன் மாமாவும் அதையேதான் பாடுகிறார். பாதி நிலம் அவருடையது, தட்டிப் பேசவும் முடியாது. ஆனால் பக்கத்துச் சரிவில் பனை வந்தபிறகு ஊற்று வற்றியதைக் கண்ணால் பார்த்தவன் நான். நம் குடியில் அந்தக் காலத்தில் காட்டுக்குள்ளேயே பயிர் செய்தார்களே, மேலே நிழல் மரம், அதில் மிளகுக் கொடி, அடியில் காப்பியும் கிழங்கும், அப்படித்தான் நடுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். நின்று என்ன, நர்சரியில் வாங்கிய நிழல் மர விதை ஒன்றுகூட முளைக்கவில்லை, மாமா சிரித்த சிரிப்பு உனக்கே கேட்டிருக்கும். பிறகுதான் ஓடைப் பாறையில், பழம் தின்ற மரநாய் போட்ட எச்சத்தில் அதே மரம் கொத்தாக முளைத்திருப்பதைப் பார்த்தேன். அன்றிலிருந்து விடிந்ததும் வாளியோடு அந்த எச்சத்தைப் பொறுக்கக் கிளம்பிவிடுகிறேன், உன் ஆபீசில் யாரிடமும் சொல்லிவைக்காதே. குளிக்காமல் வாசல்படி ஏறக்கூடாது என்பது உன் அம்மாவின் உத்தரவு, சோறு மட்டும் வெளியே வருகிறது. இப்போது அந்த விதை போட்ட மண் பைகள் முழுக்கப் பச்சைப்பசேல் என்று கன்றுகள். நேற்று மாமா வந்து குனிந்து குனிந்து பார்த்தார், இந்த மழை முடியறதுக்குள்ள சரிவு முழுக்க நட்டுடுங்க மச்சான், இல்லேன்னா நான் கையெழுத்துப் போட்டுடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். குடியிருப்பில் எல்லோரும் நம் சரிவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இது பிழைத்தால் அவர்களும் நடுவார்கள், இல்லையென்றால் மலை முழுக்கப் பனைதான்.

பாதி முடிந்தது. முழங்கால் கெஞ்சுகிறது, நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உன்னோடு இருக்க ஆசை இல்லாமல் இல்லை அம்மா, பேத்தி முகத்தை நினைத்தால் கை நின்றுவிடுகிறது. ஆனாலும் இப்போது வரமாட்டேன். குழந்தைக்கு இருமல் என்றாயே, வெந்நீர் கொடு. என்மேல் உள்ள கோபத்தை மாப்பிள்ளைமேல் காட்டாதே.

மூன்று பேரும் நோய்நொடி அண்டாமல் நன்றாக இருங்கள். ஒன்று மட்டும் மறக்காதே, என்னைத் திட்டுவதென்றால் நேரில் வந்து, நான் நட்ட மர நிழலில் உட்கார்ந்து திட்டு. நிழல் விழ எட்டு வருஷம் ஆகும், அதற்கு முன்பே வந்துவிடு.

இப்படிக்கு
உன் பிடிவாதக்கார அப்பா