மஞ்சள் தண்ணீர் பட்ட முட்டைகள்

இப்படியெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன் மச்சான். நீ உயிரோடு இருந்திருந்தால் "எப்படா சொன்ன?" என்று சிரித்திருப்பாய். அதை விடு. இன்று காலை உன் மகளின் கொட்டகையில், குஞ்சு பொரிக்கும் மெஷினுக்குள் ஒரு முட்டை வெடித்தது. அந்த நாற்றம் இரத்தோட்டை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்து என் கையைப் பிடித்து இழுத்துப் போனது. அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்று தடவை தேத்தண்ணி ஊற்றி மூன்றையும் ஆறவிட்டுவிட்டேன்.

நாம் இரண்டு பேரும் குஞ்சு பொரிக்கும் மெஷின் போட்ட காலத்தில் ஊர்ச்சனம் தங்கள் முட்டைகளை நம்மிடம்தான் கொண்டுவரும். எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில் இருந்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார்கள். நம் மெஷினைப் பார்க்க வெள்ளைக்காரர்களே வந்தார்கள் என்று நான் சொல்வதுண்டு. வந்தது ஒருவர். அவரும் வழி கேட்க வந்தவர்.

எச்சம் ஒட்டிய முட்டையை நீ தனியே எடுத்து வைத்துவிடுவாய். "அழுக்கு முட்டைய ஒம்லட் போடு, மெஷின்ல போடாத" என்பாய். கழுவினால் போகாதா என்று கேட்டால் கோபம் வரும். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, ஈரத்தோடு கிருமி உள்ளே போய்விடும், மெஷின் சூட்டில் பெருகும், ஒன்று வெடித்தால் பக்கத்தில் உள்ளதெல்லாம் கெடும் என்று விளக்குவாய். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே விளங்கியது. பிறகு அதை ஒரு மிருக வைத்தியருக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். எழுதிக்கொண்டார்.

மாத்தளைக் கோயில் தேர்த் திருவிழா முடிந்து இரண்டு வாரத்தில் நம் முட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. முட்டைக்காரர்கள் வந்து நின்றபோது நீ, "தப்பு எங்களதுதாங்க" என்றாய். மீதியை நான்தான் கடை கடையாகச் சொன்னேன்: தேருக்குப் போகும் அவசரத்தில் நீ அழுக்கு முட்டைகளை மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்தாய், நான் கையைப் பிடித்தும் கேட்கவில்லை. சொல்லச் சொல்ல அந்த வெடிச்சத்தமும் வளர்ந்து, கடைசியில் தம்புள்ளை லொறிக்காரர்களுக்கே கேட்டது.

இன்று நான் உள்ளே நுழைந்தபோது எல்கடுவப் பெண் ஒருத்தி தன் முட்டைத் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு முட்டதானேங்க அக்கா. ஒடனே எடுத்துட்டேன்" என்றாள் உன் மகள்.

"இல்ல புள்ள. ஒங்கப்பாவும் மஞ்சத்தண்ணில முக்கித்தானே எல்லாத்தையும் கெடுத்தாரு. அந்தக் கைதானே ஒனக்கும். இந்தா நிக்கிறாரே ஒங்க மாமா, அவரே சொல்லியிருக்காரு."

இத்தனை வருடம் கேட்காததை உன் மகள் இன்று கேட்டாள். "அப்பாவா முக்கினாரு மாமா? என்கிட்ட முட்டைய ஈரத்துணியாலகூட தொடாதன்னுதானே சொல்லுவாரு."

நாலு பேர் நம்பி முட்டை தந்தால்தான் அவள் மெஷின் ஓடும். அது தெரிந்தும், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

நாளை முதல் பஸ்ஸில் எல்கடுவவுக்கு, அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன். அதற்கு முன் உன்னிடம் ஒப்பித்துப் பார்க்கிறேன். தேரன்று நீ அதிகாலையிலேயே போய்விட்டாய். கொட்டகையில் நான் தனியாக இருந்தேன். நீ ஒதுக்கி வைத்த முட்டைகள் வீணாகின்றனவே என்று நினைத்தேன். சாமி நாள், மஞ்சள் எதையும் சுத்தமாக்கும் என்றும் நினைத்தேன். வெடித்த பிறகு பேசின் பாத்திரத்தில் மஞ்சள் கறையைக் கண்டாய், என்னைப் பார்த்தாய், கறையைத் தேய்த்துக் கழுவினாய். என் கதையில் முட்டையை மஞ்சள் தண்ணீரில் முக்கின கை உன்னுடையது என்றேனே மச்சான், அதை மட்டும் நான் இட்டுக்கட்டிச் சொன்னேன்.