சபைச் சட்டத்தரணியின் கையில் உங்கள் கல்வெட்டு

எப்போதும் நிலம் பார்த்தே நடந்த என் அன்பு அண்ணைக்கு,

வேண்டுமென்றுதான் இப்படித் தொடங்குகிறேன். நீங்கள் பராக்குப் பார்த்து நடந்து விழுந்தீர்கள் என்று பிரதேச சபை எழுத்தில் பதில் தந்திருக்கிறது. காலியில் அத்தனை வருடம் கடை நடத்தி, உள்ளே வருகிறவனின் செருப்பைப் பார்த்தே ஆளை மட்டுக்கட்டிய மனிசன் பராக்குப் பார்த்தாராம்! வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சந்தைக்கு முன்னால் நடைபாதையில், வாய்க்காலுக்குப் போட்ட சீமெந்து மூடி உடைந்து உங்கள் இடுப்பெலும்பு முறிந்ததே, அந்த இடத்தை இப்போது பார்க்கவேண்டும். எங்கள் சட்டத்தரணி அம்மா நோட்டீஸ் அனுப்பி ஒரு கிழமை ஆகவில்லை, அந்த ஒரு மூடி மட்டும் புதிதாகிவிட்டது. இரண்டு பக்கமும் பழைய வெடிப்பு அப்படியே கிடக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதன் மேலால்தான் போகிறார்கள். பிழை இல்லாதவன் ஏன் அண்ணை இவ்வளவு அவசரமாகச் சீமெந்து குழைக்கிறான்?

அந்த மூடி தங்கள் பொறுப்பு, அது உடைந்ததால்தான் உங்கள் உயிர் போனது என்று அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் இந்த வழக்கு. ஒப்புக்கொண்டால் மற்ற மூடிகளையும் மாற்றத்தானே வேண்டும்?

போன தவணையில் நான் கூண்டில் நிற்க, சபைச் சட்டத்தரணி எழும்பி ஒரு புத்தகத்தை விரித்தார். அட்டையில் உங்கள் படம். உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்த சனத்துக்கு நாங்கள் அச்சடித்துக் கொடுத்த கல்வெட்டு!

"அம்மா, இது உங்கடை குடும்பம் அடிச்சதுதானே?"

"ஓம்."

"'நோய்நொடி ஏதுமின்றி, ஒருநாளும் பாயில் கிடவாமல், நித்திரையிலே இறைவனடி சேர்ந்தார்' எண்டு போட்டிருக்கு. அப்ப விழுந்ததாலை சாகேல்லை. இது உண்மையோ, பொய்யோ?"

எங்கள் சட்டத்தரணி அம்மா எழும்பித் தவணை கேட்டார். வழக்கைத் தள்ளிவைத்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. ஆர் கொடுத்தது? சபையில் கிளார்க்காக இருக்கிற மச்சான் குணம்தான் என்று முடிவுகட்டினேன். அந்தியேட்டியன்று இரண்டு கல்வெட்டுக் கேட்டு வாங்கியவர் அவர் ஒருவர்தான். மற்றது எதற்கு? அடுத்த நாள் மாம்பழப் பையோடு வந்தவரைப் படலையிலேயே மறித்தேன்.

"எங்களைக் காட்டிக்குடுக்க உமக்கு எப்பிடி மனம் வந்தது?"

"என்ன மச்சாள் கதைக்கிறியள்? அத்தான்ரை பிரேதத்தைத் தூக்கினனான். நான் அப்பிடிச் செய்வனோ?"

"செய்யமாட்டீர் எண்டு ஆர் கண்டது?"

பையைப் படலையில் கொழுவிவிட்டுப் போய்விட்டார். நான் தொடவில்லை.

நேற்றுத்தான் சட்டத்தரணி அம்மா கூப்பிட்டு வழக்குக் கோப்பைத் திறந்து காட்டினார். நான் உங்கள் கூடப்பிறந்தவள் என்பதற்கு, வழக்குப் போடும்போது நீதிமன்றத்தில் ஆதாரம் கேட்டிருந்தார்கள். பிறப்புப் பத்திரமெல்லாம் இடப்பெயர்வோடு போய்விட்டதே. கல்வெட்டின் பின்பக்கத்தில் எங்கள் வம்சாவளி முழுக்க இருக்கிறது, இதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்று நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்! மூலையில் என் கையெழுத்து.

"அக்கா, நானும் வம்சாவளியை மட்டும்தான் பாத்தனான். முன்பக்கம் வாசிக்கேல்லை" என்றார் பாவம். குணத்தைச் சந்தேகித்த எனக்கு என்னைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

இன்று குணம் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணி தந்தார். அப்போதும் மனம் ஆறாமல், "அந்த ரெண்டாவது கல்வெட்டு ஆருக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

"கனடாவிலை இருக்கிற மகளுக்கு மச்சாள். அத்தான்ரை படம் வடிவாக் கிடக்கு" என்றார்.

அண்ணை, அந்த முன்பக்கத்தை எழுதுவித்ததும் நான்தான். "பாயிலை கிடந்து அழுந்திச் செத்தவன் எண்டு சனம் கதைக்க விட்டிடாதை" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினீர்களே. பார்க்க வந்தவர்களை அறைக்குள் விடாமல் வாசலோடு அனுப்பினேன். குணத்துக்கும் நீங்கள் உள்ளே பட்ட பாடு ஒன்றும் தெரியாது. அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் சபை இப்போது தப்பப் பார்க்கிறது.

அடுத்த தவணையில் கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். இரண்டு மாதம் எழும்ப ஏலாமல் கிடந்தீர்கள் என்று சொல்வேன். முதுகு புண்ணாய்ப் போனதைச் சொல்வேன். திருப்பிப் படுக்கவைக்கும்போதெல்லாம் அம்மாவைக் கூப்பிட்டு அழுததைச் சொல்வேன். நான் துணி மாற்றும்போது சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும், ஊர்ச்சனம் இருந்து கேட்கக் கேட்கச் சொல்வேன். இது நான் உங்களுக்குச் செய்கிற இரண்டாவது சத்தியம். முதலாவதை உடைத்துத்தான் இதைக் காப்பாற்ற ஏலும். கோவியுங்கோ அண்ணை, நான் தாங்குவேன்.

உங்கள் மானத்தைக் காக்க ஏலாமல் போன தங்கச்சி,
இராசம்,
சரவணை.